கடுப்பு என்று எழுதியிருந்தீர்கள்

படப்பை,
12-6-2011

அன்புள்ள அண்ணனுக்கு, முத்துச்செல்வி எழுதுவது.

நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், இளைக்கவில்லை, காய்ச்சல் தலைவலி எதுவும் கிடையாது. நீங்கள் முதலில் கேட்கப்போவது இதைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். மதினியும் உங்கள் செல்ல மகள் கனிஷ்காவும் எப்படி இருக்கிறார்கள்? மாவு மில்லில் புது மோட்டார் ஒழுங்காக ஓடுகிறதா? போனில் பேசலாமென்றால் மில் சத்தத்தில் கெட்டுப்போன உங்கள் காதுக்கும் போனுக்கும் ஆகவே ஆகாது. போன வாரம் நான் "ஒரகடம்" என்றதை "ஒரு கடை" என்று கேட்டுவிட்டு, டாக்டருக்குப் படித்தவள் எதற்குக் கடை வைக்கிறாள் என்று பதறினீர்களாம். மதினி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கடை இல்லை அண்ணே, கிளினிக். தாம்பரத்து வேலையை விட்டுவிட்டு ஒரகடம் கூட்டு ரோட்டில் இருபத்து நாலு மணி நேர கிளினிக் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். நடத்துகிறவர் ஸ்ரீபெரும்புதூர்க்காரர், டாக்டர் ஸௌந்தரராஜன். காலையில் நெற்றியில் திருமண்ணோடு அவர் வருவார். மதியத்துக்கு மேல் நான். சுற்றிலும் கம்பெனிகள். விரல் நசுங்கினவர்கள், கண்ணில் இரும்புத்தூள் விழுந்தவர்கள், பைக்கில் போய் லாரிக்குப் பயந்து மண்ணில் சரிந்தவர்கள் எல்லாரும் முதலில் எங்களிடம்தான் வருவார்கள். தைக்க வேண்டியதைத் தைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியவர்களை நேரத்தோடு அனுப்ப வேண்டும்.

வருகிறவர்களில் பாதிப் பேர் நம் பக்கத்துப் பையன்கள். நேற்று கழுகுமலைக்காரன் ஒருவன், "மேலுக்கு முடியல டாக்டர்" என்றான். வாசலில் டோக்கன் கொடுக்கும் முனிரத்தினம் அண்ணன் இங்கே பக்கத்து வல்லத்துக்காரர். "இன்னா மேடம், மேலன்றான்? மாடில யாருக்கு முடியலையாம்?" என்று கேட்டாரே பார்க்கலாம்! எங்கள் ஊரில் உடம்பைத்தான் மேல் என்போம் என்று விளக்கினேன். மருந்து எழுதுவதோடு மொழிபெயர்ப்பு வேலையும் என் தலையில்.

மதினிக்கு என் அன்பு. கனிஷ்காவின் கன்னத்தை எனக்காக ஒரு கிள்ளு கிள்ளவும்.

அன்புத் தங்கை,
செல்வி

*

எட்டயபுரம்,
20-6-2011

அன்புத் தங்கை முத்துச்செல்விக்கு அண்ணன் காசிராஜன் எழுதுவது.

இங்கே மூவரும் சுகம். மோட்டார் ஓடுகிறது. கனிஷ்காவைக் கிள்ளினேன், திருப்பிக் கிள்ளிவிட்டாள்.

கிளினிக் வேலை கொஞ்ச நாளைக்குச் சரி. எம்.டி. பரீட்சைக்கு எப்போது எழுதிப் போடப்போகிறாய்? அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மில் வாசலில் உட்கார்ந்தபோது நீ நாலாம் வகுப்பு. கோவில்பட்டிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அன்றைக்கே நான் நினைத்தது, இந்த வீட்டில் ஒரு நெஞ்சு டாக்டர் வேண்டுமென்று. மில்லுக்கு எதிரே இருக்கும் இடத்தை எத்தனையோ பேர் கேட்டும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். நீ படித்து முடித்து அங்கே உட்கார வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும்.

இப்படிக்கு,
அண்ணன் காசிராஜன்

*

படப்பை,
4-9-2011

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது, கோபிக்க வேண்டாம். இங்கே மழை பெய்யத் தொடங்கியதும் காய்ச்சல்காரர்கள் வரிசை கட்டிவிட்டார்கள். உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் எழுதவும்.

இங்கே நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். போன மாதம் கம்பெனி லைனில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று ஒரு பெண்ணை நாலு தோழிகள் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். சிவகிரிப் பெண். கண் திறந்ததும், "காலையில என்ன சாப்ட்ட?" என்றேன். "ஷிப்ட் பஸ்ஸ விட்ருவம்னு ஒண்ணும் சாப்பிடல டாக்டர்" என்றாள். ஒரு டீயும் இரண்டு பன்னும் வாங்கிக் கொடுத்து, எதிரே உட்கார்ந்து தின்ன வைத்தேன். அடுத்த வாரம் அவளே அறைத்தோழியைத் தொண்டை வலி என்று அழைத்து வந்தாள். அப்புறம் விடுதி வார்டன் அம்மாவுக்குப் பிரஷர். அப்புறம் அந்த அம்மாவின் மருமகளுக்கு மசக்கை. ஒரு பெண் மயங்கி விழுந்ததில் நான் ஒரு விடுதிக்கே டாக்டராகிவிட்டேன்!

உடம்பு சரியானவர்கள்கூட, "செரியாப்போச்சு டாக்டர்" என்று சொல்வதற்காகவே ஒரு நடை வருகிறார்கள். முனிரத்தினம் அண்ணன் அவர்களுக்கும் டோக்கன் கொடுத்துவிடுகிறார்.

மதினியின் முட்டி வலிக்கு நான் சொன்ன பயிற்சியைச் செய்கிறார்களா?

அன்புடன்,
செல்வி

*

எட்டயபுரம்,
14-9-2011

அன்புத் தங்கை செல்விக்கு,

யாவரும் சுகம். உன் மதினி பயிற்சி செய்வதில்லை, செய்ததாகச் சொல்லச் சொன்னாள்.

நான் கேட்டது ஒன்று, நீ எழுதியிருப்பது ஒன்று. பன் கதை நன்றாக இருந்தது. பரீட்சை என்னவாயிற்று?

அண்ணன் காசிராஜன்

*

படப்பை,
20-11-2011

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்ததில் ஒரு பேடு காலி.

நான் எம்.டி. பரீட்சைக்கு விண்ணப்பமே போடவில்லை. போடப்போவதும் இல்லை. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற குடும்ப மருத்துவப் படிப்பு ஒன்று இருக்கிறது, அதில் சேர்ந்துவிட்டேன். குழந்தைக்குச் சளி, அதன் அம்மாவுக்கு ரத்தசோகை, அப்பாவுக்குச் சர்க்கரை, தாத்தாவுக்கு ஞாபகமறதி, எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்ப்பது. திடீரென்று வருகிற அவசரத்தையும் அதே ஆள் பார்ப்பது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. நாள் முழுக்க நெஞ்சை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இருக்காது என்று என்னைத் தூக்கி வளர்த்த உங்களுக்குத் தெரியாதா?

அப்பாவை மறந்துவிட்டு இதைச் சொல்லவில்லை. எதிரே இருக்கும் இடத்தையும் மறக்கவில்லை. ஆனால் இந்த ஒரகடத்தில் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது அண்ணே. ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறபோதே இன்றைக்கு யார் யார் வருவார்களோ என்று இருக்கிறது. நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். அதில்லாமல் என்னால் நிம்மதியாகப் படிக்க முடியாது.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
செல்வி

*

எட்டயபுரம்,
18-1-2012

அன்புத் தங்கை செல்விக்கு,

மூவரும் சுகம். பொங்கல் நல்லபடியாக முடிந்தது. நீ வரவில்லை. உனக்கும் சேர்த்து ஒரு கோலம் என்று கனிஷ்கா தெருவை அடைத்துப் போட்டுவிட்டாள்.

உன் கடிதம் மில்லுக்கு வந்தது. அரைக்க ஆள் நின்றதால் சாயங்காலம்தான் பிரிக்க முடிந்தது. அதை எடுத்துக்கொண்டு மாடியேறினேன். ஒரே கடுப்பு. பாதிப் படியில் நின்றுவிட்டேன். உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகுதான் தணிந்தது. மறுநாள் இன்னொரு தடவை படிக்கலாமென்று ஏறியபோதும் அதே கடுப்பு. கொஞ்ச நாளாகவே இப்படித்தான் இருக்கிறது.

நீ எடுத்த முடிவுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. யோசித்து எழுதுகிறேன்.

அண்ணன் காசிராஜன்

*

படப்பை,
26-1-2012

அண்ணனுக்கு,

சுகம் விசாரிப்பதற்கு முன்னால் ஒன்று கேட்டுவிடுகிறேன். என்மேல் உங்களுக்கு அத்தனை கடுப்பா? படியில் நின்று, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து ஆற்றிக்கொள்கிற அளவுக்கா? இரண்டாம் தடவை படிக்கும்போதும் தணியவில்லையா? போதாததற்குக் கொஞ்ச நாளாகவே என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நான் ஒரகடத்துக்கு வந்ததிலிருந்தே மனசுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் என்ன திருடினேனா, யாரையாவது ஏமாற்றினேனா? டாக்டராகத்தான் இருக்கிறேன். திட்ட வேண்டுமென்றால் நேராகத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இப்படிப் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்ததையெல்லாம் எழுதினால் நான் இங்கே எப்படிச் சாப்பிடுவது?

மதினிக்கும் கனிஷ்காவுக்கும் மட்டும் என் அன்பு.

செல்வி

*

எட்டயபுரம்,
10-2-2012

அன்புத் தங்கை செல்விக்கு,

சுகம். எதற்கு இப்படிக் குதிக்கிறாய் என்று எனக்கு விளங்கவில்லை. கடுப்பு இருந்தது, இப்போதும் இருக்கிறது, உள்ளதைத்தான் எழுதினேன்.

அதற்கு நீ என்ன செய்வாய், வயசாகிறது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு பஜார் வரை நடந்தால் வருகிறது. மூட்டையைத் தொட்டால் வருகிறது, அதனால் தூக்குவதற்கு ஆள் வைத்துவிட்டேன். சைக்கிளையும் எடுப்பதில்லை. கொஞ்சம் உட்கார்ந்தால் போய்விடும். உன் மதினியிடம் இதையெல்லாம் போனில் கேட்டுக்கொண்டிருக்காதே, வீணாகக் கலங்குவாள்.

உன் படிப்பு விஷயம் இன்னும் யோசனையில்தான் இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன் காசிராஜன்

*

ஒரகடம்,
1-4-2012

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுப்பவன் வேல்ராஜ், நம் ஊர்ப் பையன், இங்கே வெல்டராக இருக்கிறான். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வருகிறான். நம் பக்கத்துப் பையன்கள் முக்கால்வாசிப் பேர் கிளம்பிவிட்டார்கள், லைனில் ஆளில்லை என்று சூப்பர்வைசர்கள் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். தபாலை நம்பாமல் இவனிடம் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து நின்ற இடத்திலேயே படியுங்கள், மாடிக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

இன்று மதியம் ஒருவனை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். பெயர் தளவாய், சங்கரன்கோவில் பக்கம், இன்னும் முப்பதைத் தாண்டாதவன். நான் திரைக்குப் பின்னால் ஒரு குழந்தைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் நடந்த பேச்சு காதில் விழுந்தது.

"இன்னாபா, இன்னா பண்ணுது?"

"கடுப்பா இருக்குண்ணே. ஒரே கடுப்பு."

"உனுக்கு மட்டுமா? இந்த வெயில்ல அல்லாருக்கும்தான் கடுப்பா கீது. அப்டி குந்து, டோக்கன் கூப்டுவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். அவன் இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, சட்டையெல்லாம் நனைய வேர்த்து, குனிந்து உட்கார்ந்திருந்தான்.

ஓடிப்போய், "எங்கப்பா கடுக்கு?" என்றேன். "இந்தக் கைதான் டாக்டர். தோள்ல இருந்து முழங்கை வரைக்கும் கடுக்கு. நெஞ்சுல அம்மிய வச்சாப்ல இருக்கு" என்றான். ஈ.சி.ஜி. எடுத்தால் மாரடைப்பு. ஆஸ்பிரினைக் கடித்து மெல்ல வைத்து, செய்ய வேண்டியதைச் செய்து, ஆம்புலன்சில் நானே கூட ஏறிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தேன். பிழைத்துக்கொண்டான். கண் விழித்ததும் இன்றைக்கு ஓவர்டைம் போச்சே என்றுதான் முதலில் சொன்னானாம்.

திரும்பி வந்தால் முனிரத்தினம் அண்ணன் முகம் வெளிறி நிற்கிறார். "கடுப்புன்னா எங்க ஊர்ல கோவம் மேடம். எரிச்சல். எனுக்கு இன்னா தெரியும்?" என்று அழாத குறை. "எங்க ஊர்ல அது வலிண்ணே, உளைச்சல்" என்று சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் ஞாபகம் வந்தது. அவருக்காவது தெரியாது. எனக்கு?

சென்னைக்குப் படிக்க வந்த நாளிலிருந்து இந்தப் பக்கத்துப் பேச்சையே பேசிப் பேசி, உங்கள் வார்த்தையை நான் முனிரத்தினம் அண்ணன் மாதிரியே படித்திருக்கிறேன். உங்கள் பிப்ரவரிக் கடிதத்தில் முதல் பாராவைப் படித்துவிட்டு, கோபத்தில் மடித்து மேஜைக்குள் போட்டவள்தான். இன்றைக்குத்தான் எடுத்து மிச்சத்தைப் படித்தேன். நடந்தால் வருகிறது, மூட்டை தூக்கினால் வருகிறது, உட்கார்ந்தால் போகிறது. ஐயோ அண்ணே! பரீட்சைத் தாளில் வந்திருந்தால் முதல் வரியிலேயே பதில் எழுதியிருப்பேன்.

உடனே மதினிக்குப் போன் போட்டேன். "ஒண்ணுமில்லன்னு சொல்லு, மிளகாய் அரைக்க ஆள் நிக்கு" என்று பின்னாலிருந்து நீங்கள் கத்தியது எனக்கே கேட்டது. அதனால்தான் எழுதுகிறேன். உங்களுக்கு இருப்பது வயசு இல்லை. அப்பாவுக்கு வந்தது உங்களுக்கு வரப் பார்க்கிறது. இன்னும் வந்துவிடவில்லை, அதுதான் நம் நல்ல நேரம். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் மோட்டாரை நிறுத்துங்கள். மதினியைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குக் காரில் போங்கள், வழியில் ஓர் அடி வேகமாக நடக்கக் கூடாது. அங்கே என்னோடு படித்தவரிடம் சொல்லிவைத்துவிட்டேன், காத்திருப்பார். டாக்டர் ஸௌந்தரராஜனிடம் லீவு கேட்டுவிட்டேன், நாளை ராத்திரிக்குள் நானும் அங்கே இருப்பேன்.

நான் நெஞ்சு டாக்டர் ஆகவில்லை என்று உங்களுக்கு வருத்தம் இருக்கட்டும். அதை வைத்து என்னோடு ஆயுசு முழுக்கச் சண்டை போடுங்கள், நான் சந்தோஷமாகப் போடுகிறேன். அதற்கு நீங்கள் இருக்க வேண்டும். எனக்கு நீங்கள் வேண்டும் அண்ணே.

செல்வி

*

எட்டயபுரம்,
20-4-2012

செல்விக்கு மதினி சந்தனமாரி எழுதிக்கொள்வது.

உன் அண்ணன் நல்ல சுகம். நேரத்துக்கு மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு, அதற்கு என்மேல் ஏச்சு. நான் இப்போது முட்டிப் பயிற்சியும் செய்கிறேன், இது சத்தியம். நீ மதுரையிலிருந்து பஸ் ஏறிப் போனதிலிருந்து கனிஷ்கா ஊசி போடுகிற விளையாட்டுத்தான் விளையாடுகிறாள்.

மதுரையில் கூட்டத்துக்குள் உன்னிடம் சொல்ல முடியாததை எழுதுகிறேன். அன்றைக்கு வேல்ராஜ் வந்தபோது மில்லில் மிளகாய்க் கூட்டம். நான் காலையிலிருந்து கெஞ்சியும் அசையாத மனுஷன், நின்ற இடத்திலேயே உன் கடிதத்தைப் படித்தார்கள். நடுவில் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். "இந்தக் கழுதை நான் கோவப்பட்டேன்னு நெனச்சிட்டாளே" என்றார்கள். அப்புறம் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, தானே போய் மோட்டாரை நிறுத்தினார்கள். கரெண்ட் போனால் ஒழிய பகலில் அது நின்று நான் பார்த்ததில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்பு" என்றார்கள்.

முக்கால்வாசி அடைபட்டிருந்த குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்ததை நீ பார்த்தாய். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் என்று அந்த டாக்டர் சொன்னதை நான் நினைத்துப் பார்ப்பதில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும் தாயி.

மதினி சந்தனமாரி

*

எட்டயபுரம்,
6-5-2012

அன்புத் தங்கை செல்விக்கு அண்ணன் காசிராஜன் எழுதுவது.

யாவரும் சுகம். நீ சுகமாக இருப்பாய். இந்தக் கடிதத்தையாவது கடைசி வரை படி.

மில் ஓடுகிறது, நான் நாற்காலியில் உட்கார்ந்து அதட்டுவதோடு சரி. சாயங்காலம் பஜார் வரை நடந்து வருகிறேன், கடுப்பு இல்லை. தளவாய் என்கிற பையன் வேலைக்குப் போய்விட்டானா? அவனை ஒரு நாள் பார்க்க வேண்டும். முனிரத்தினத்தை நீ ஒன்றும் சொல்லாதே, நல்ல மனுஷனாகத் தெரிகிறது.

நான் யோசித்து எழுதுகிறேன் என்று சொன்னேன் அல்லவா, யோசித்துவிட்டேன். எதிரே இருக்கும் இடத்தை வாடகைக்கு விட்டாயிற்று, சைக்கிள் கடை வருகிறது. நீ அங்கேயே இரு. அந்தப் படிப்பை முடி. மதுரையில் எனக்கு வைத்தியம் பார்த்த நெஞ்சு டாக்டர் பெரிய கெட்டிக்காரர், அவர் கைக்குப் பூப்போட்டுக் கும்பிட வேண்டும். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, வெளியே அத்தனை பேர் நின்றார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, அது எனக்குள்ளேயே நின்றுவிட்டது. உன்னிடமும் சொல்லவில்லை, நீ அங்கே அழுதுகொண்டு தங்கச்சியாகத்தான் நின்றாய்.

இனி எழுதுவதைத் தங்கச்சியாகப் படிக்காதே. உன் மதினிக்கும் தெரிய வேண்டாம்.

படியில் கால் வைக்கும்போதெல்லாம் வந்துவிடுமோ என்று நின்று பார்க்கிறேன். வரவில்லை, ஆனாலும் நிற்கிறேன். கனிஷ்கா ஓடிவந்து மேலே விழுந்தால் அவளைப் பிடிக்கிறதா நெஞ்சைப் பிடிக்கிறதா என்று தெரியாமல் போகிறது. தூங்கப் போகும்போது, காலையில் எழுந்திருப்பேனா என்று ஒரு நினைப்பு வருகிறது. அப்பா போன வயசு எனக்கும் நெருங்கிவிட்டது. இதையெல்லாம் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது டாக்டர். இதற்கு என்ன செய்ய வேண்டும்?

காசிராஜன்,
வயது 46,
எட்டயபுரம்